மலையில் விட்டுவந்தவர்

சுவிசுக்கு ஒருமுறை போய்வந்தால் என் சிடுசிடுப்புப் போய்விடும் என்று மகள் முடிவு செய்தாள். மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்துவைத்து, ஏரி, கோட்டை, மலைநடை என்று ஒன்பது நாளையும் நிரப்பினாள். நான் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டபோது குளிர் என்றேன். மொன்றியலில் இத்தனை வருடம் வாசல் பனி வழித்தவன் சொல்கிற காரணமா இது என்று மனைவி சிரித்தாள்.

உண்மைக் காரணத்தை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் அந்த நாட்டுக்கு முன்பே ஒருதரம் போயிருக்கிறேன், இத்தாலிப் பக்கமிருந்து, களவாக, நடந்து. காசு வாங்கி எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் எங்கள் ஆறு பேரையும் மலையடியில் இறக்கிவிட்டு ஒரே ஒரு கட்டளை போட்டான்: ஒருவர் பேரை மற்றவர் கேட்கக் கூடாது. ஒருவர் பிடிபட்டாலும் மற்றவர்கள் தப்பவேண்டும் அல்லவா. அந்த வழியால் வந்த எல்லோருக்கும் அதுதான் சட்டம். அண்ணை, தம்பி என்றே நடந்தோம்.

பகல் முழுக்க மூடுபனி. உச்சி தாண்டி இறங்கும்போது ஒருவர் வழுக்கி விழுந்தார். நாற்பது வயதிருக்கும். கால் முறிந்துவிட்டது. மற்ற நால்வரும் நிற்கவில்லை. நான் அவரை இழுத்துப் போய், கல்லால் கட்டிய ஒரு மாட்டுக்கொட்டிலின் சுவரோடு சாய்த்து இருத்தினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்ரை பேர்..." என்று தொடங்கினார்.

"சொல்லாதையுங்கோ அண்ணை. கீழை போய் ஆளை அனுப்பிறன்."

கீழே கிராமத்தில் பேக்கரி திறந்திருந்தது. வாசலில் ஒரு பொலிஸ்காரன் கோப்பி குடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தால் என் பயணம் அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

மொன்றியல் வந்து சேர்ந்த பிறகும் மலையில் விட்ட அந்த அண்ணை என்னை விடவில்லை. எங்கள் சனம் கூடும் பார்க் எக்ஸ்டென்ஷன் மரக்கறிக்கடையிலோ கல்யாண மண்டபத்திலோ யாராவது நொண்டி நடந்தால் பின்னால் போய் முகத்தைப் பார்ப்பேன். எந்த வழியால் வந்தீர்கள் என்று விசாரிப்பேன். வம்பளக்கிறவன் என்று பேர் எடுத்ததுதான் மிச்சம். பனிப்புகார் இறங்கிய காலைகளில் பஸ் தரிப்பில் என் முதுகுக்குப் பின்னால் யாராவது செருமினால் மட்டும் திரும்பமாட்டேன். பயம்தான், வேறென்ன.

கடைசியில் மகள்தான் வென்றாள். கோட்டையில் பழைய பீரங்கிகளைப் பார்த்தோம். ஏரியில் படகேறினோம். அவளுடைய கியூபெக் பிரெஞ்சைக் கேட்டு ஹோட்டல்காரர் சிரித்தார். ஏழாம் நாள் எந்த மலைக்குப் போகலாம் என்று அவள் கேட்டபோது, வரைபடத்தில் நானே விரலை வைத்தேன். மனைவி ஹோட்டலில் நின்றுவிட, நாங்கள் இருவரும் ஏறினோம்.

கொட்டில் கூரையில்லாமல் நின்றது. சுற்றிலும் மஞ்சள் பூக்கள். யாரோ ஒரு குடும்பம் அந்தச் சுவரில் சாய்ந்திருந்து பாணும் சீஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள். பாதையோரத்தில் குந்தியிருந்து மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"கீழை ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ அப்பா?"

இல்லை என்றேன். அவள் எழுந்து முன்னால் நடந்தாள். அடிவாரம் வரை எனக்காக நிற்கவில்லை.

மொன்றியலுக்குத் திரும்பிய பிறகு, என்னிடம் கேட்காமலே அந்தக் கிராமத்து அலுவலகத்துக்குப் பிரெஞ்சில் எழுதினாள். காணாமற்போனவர்களை விசாரிக்கும் படிவம் ஒன்று பதிலாக வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் என்னைப் பக்கத்தில் இருத்தி நிரப்பத் தொடங்கினாள். வருடம், வயது, உடுப்பின் நிறம் எல்லாம் சொன்னேன். பேருக்கான இடத்தை ஒன்றும் கேளாமல் தாண்டினாள். அவர் சொல்ல வந்ததை நான்தானே தடுத்தேன். கடைசிக் கேள்வியில் நிமிர்ந்தாள்.

"நீங்கள் அவருக்கு என்ன முறை எண்டு கேட்டிருக்கினம்."

"விட்டிட்டு வந்தவன் எண்டு எழுது, பிள்ளை."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்படியே எழுதினாள்.