வடக்கு ஜன்னலோரத்து நொபுவே

உவாஜிமா விரிகுடாவின் முத்துப் பட்டறையில் வடக்கு ஜன்னலோர நாற்காலி பத்தொன்பது வருடங்களாக நொபுவேயுடையது. வெயில் நேராக விழாத அந்த வெளிச்சத்தில், வெள்ளைத் துணிமேல் முத்துகளை உருட்டி, நிறம் பார்த்துக் கம்மலுக்கு ஜோடி சேர்ப்பாள். ஒன்றில் துளி பச்சை ஓடினாலும் பிரித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

பக்கத்து நாற்காலிக் கினுயோ தினமும் நாலு தடவையாவது இரண்டு முத்தை நீட்டுவாள்.

"அக்கா, இது ஜோடியா?"

"உன் மூஞ்சில இருக்கிறது கண்ணா, பொத்தானா?"

நவம்பரில் நொபுவேயின் மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சின்னம்மை, நாற்பத்தோரு வயது அம்மாவையும் பிடித்துக்கொண்டது. பையன் ஒரே வாரத்தில் எழுந்து ஓடினான். அவளைக் காய்ச்சல் புரட்டி எடுத்தது. கண்ணிமையில்கூட ஒரு கொப்புளம். பொருக்குத் தட்டியதும் முகமூடி மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். டிசம்பரில்தான் முத்தெடுக்கச் சிப்பி திறப்பார்கள். அந்த நேரத்தில் மற்றவர்களுக்குச் சிரமம் கொடுப்பதா?

வந்த மூன்றாம் நாள் வலது கண் சிவந்தது. வெளிச்சம் பட்டால் குத்தியது. மேற்பார்வையாளர் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எல்லோர் பையிலும் கிடக்கிற ஜில்லென்ற சொட்டு மருந்தை விட்டாள். சிவப்பு மறைந்தது. மறுபடி சிவந்தது, மறுபடி விட்டாள். பத்து நாள் இப்படியே ஓட்டினாள். என்ன பிடிவாதமோ!

கினுயோதான் கண்டுபிடித்தாள். "அக்கா, உன் கருமணி வட்டமா இல்லையே. ஓரம் கோணியிருக்கு."

கண் டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"அம்மை கண்ணுக்குள்ளயும் வீக்கத்தைக் கொண்டுபோயிருக்கு. கருமணி ஓரம் கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸோட ஒட்டிக்கிச்சு. கண்ணு கூப்பாடு போட்டுதும்மா. நீங்க சொட்டு விட்டு விட்டு அது வாயைப் பொத்திட்டீங்க."

"முத்துப் பார்க்கலாமா, டாக்டர்?"

"வீக்கம் தணியும். பார்வை முழுசா திரும்பும்னு வாக்குக் குடுக்க முடியாது."

ஜனவரியில் திரும்பி வந்தாள். நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு முத்தை எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு மற்றதை. இடது கண்ணுக்கு அவை ஜோடியாகத் தெரியவில்லை. வலதுக்கு ஜோடியாகத் தெரிந்தன. இத்தனை வருடமும் அவள் நம்பியது வலதைத்தான்.

உள்ளங்கையை நீட்டினாள். "கினுயோ, இது ஜோடியா?"

கினுயோவுக்குக் கேலி நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. முத்துகளை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கு எங்கேக்கா தெரியும்? நீதானே சொல்லுவே."