ஏழு வீட்டுத் தேத்தண்ணி

கர்ப்பிணிப் பெண்கள் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சொல்வதுதான் என் உத்தியோகம். புளியங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகும் மருத்துவமாது நான். எல்லாருக்கும் ‘மிஸ்’. தட்டில் பாதி கீரையும் மரக்கறியும், கால்வாசி சோறு, மிச்சத்துக்கு மீனோ பருப்போ என்று நித்திரையிலும் சொல்வேன். அப்படிப்பட்ட எனக்கே சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, எட்டிப் பார்த்தபோது கவலையைவிட வெட்கம்தான் முதலில் வந்தது.

“மூண்டு மாதம் பாப்பம். இறங்காட்டிக் குளிசை தொடங்கவேணும்” என்றார் டொக்டர். “ஒண்டையும் அடியோட விடவேண்டாம், அளவாச் சாப்பிடுங்கோ” என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சு என் காதில் ஏறவில்லை. அன்றைக்கே சோற்றை நிறுத்தினேன். மத்தியானம் இரண்டு பிஸ்கட், இரவிலும் அதே. கணவர் குசினியில் தனியே இருந்து சாப்பிட்டார். அவர் சோறு குழைக்கும் சத்தத்துக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுப் பூனைக்கும் ஏச்சு விழுந்தது.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சீனி இருந்த இடத்திலேயே இருந்தது. அழுதுவிட்டேன். கணவர் பக்கத்தில் வந்து இருந்தார்.

“இண்டைக்கு எத்தினை வீட்டுக்குப் போனனீர்?”

“ஏழு.”

“ஏழு வீட்டிலையும் தேத்தண்ணி குடிச்சனீரோ?”

“ஓம். அது தேத்தண்ணி தானேயப்பா, சாப்பாடே?”

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. எங்கள் பக்கத்தில் தேத்தண்ணி சாப்பாட்டில் சேர்வதில்லை. காலையிலிருந்து ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்கிறவர் நாலு தேத்தண்ணி குடித்திருப்பார். மிஸ்ஸுக்கென்றால் சீனி ஒரு கரண்டி கூட. அந்த மரியாதை டம்ளரின் அடியில் கரையாமல் கிடக்கும்.

அடுத்த நாளே தேத்தண்ணிக்குத் தடை போட்டேன். “வேண்டாம், இப்பதான் குடிச்சனான்” என்று போன வீடெல்லாம் ஒரே பொய். மற்றவர்கள் சரி என்று விட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் அது வேறு மாதிரி விழுந்தது. அந்த வீட்டுப் பெண் எட்டு மாதக் கர்ப்பிணி. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். இப்போது கச்சானும் கத்தரியும் பயிர் செய்கிறார்கள். நீட்டிய டம்ளரை அவள் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் முகத்தைக் கவனித்தும் கவனிக்காதவள் போல நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்தக் கிழமை அவள் கிளினிக்குக்கு வரவில்லை. அவளுக்குப் பிரஷர் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த மாதத்தில் பார்க்காமல் விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அவளுடைய அட்டையைக் கையில் எடுத்தபோதுதான் அந்த முகம் ஞாபகம் வந்தது. தோட்டத்து ஆட்கள் என்று அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தில் இருந்தார்கள். இப்போதும் சிலர் இருக்கிறார்கள். என்னையும் அவள் அவர்களோடு சேர்த்துவிட்டாள். சேர்க்காமல் என்ன செய்வாள்?

கிளினிக் முடிந்த கையோடு போனேன். கதிரை எடுக்க அவள் எழும்பமுன் குசினிக்குள் போய்ப் பலகையில் இருந்துவிட்டேன்.

“பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னது பொய். எனக்குச் சீனி வருத்தம். வெக்கத்திலை மறைச்சுப்போட்டன்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மிஸ்ஸுக்கா? அத திங்கணும் இத திங்கணும்னு எங்கள வெரட்டுற மிஸ்ஸுக்கா?” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்தாள். “எங்க வீட்டு டம்ளர்ல குடிக்க ஒங்களுக்கு மனசில்லன்னு நெனச்சேன் மிஸ். அதான் வரல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரஷரைப் பார்த்தேன். கொஞ்சம் கூடத்தான், பயப்படும் அளவில்லை. “நாளைக்குக் காலமை டொக்டரிட்டைப் போவம், நானும் வாறன்” என்றேன். தலையாட்டினாள்.

சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று மறித்துவிட்டாள். அவள் போட்டுத் தந்தது நான் நித்திரையிலும் சொல்லும் அதே தட்டு: வல்லாரையும் பூசணிக்காயும் பாதி, நாயாற்றுக் கடல் மீன் ஒரு துண்டு, சிவப்பரிசிச் சோறு கால்வாசி. சொன்னவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு திரிய, கேட்டவள் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாள். ஒரு மாதத்துக்குப் பிறகு சோறு வாயில் பட்டது. என்ன ருசி! கடைசியில் இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணி வந்தது, சீனியில்லாமல்.

செய்தி என் ஸ்கூட்டரை முந்திக்கொண்டு ஓடியது. அடுத்த கிழமை எல்லா வீட்டிலும் “சீனி போடேல்லை மிஸ்” என்றபடிதான் டம்ளர் வந்தது. வீட்டில் கணவரோடு இருந்து அளவாகச் சோறு சாப்பிட்டேன். பூனைக்கும் நிம்மதி. மூன்றாம் மாதம் பார்த்தபோது குளிசை தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் அவள், சுகமாகப் பிறந்த தன் பெண் குழந்தையை நிறுக்கக் கிளினிக்குக்கு வந்தாள். வாங்கு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பையிலிருந்து பிளாஸ்கையும் தன் வீட்டு டம்ளரையும் எடுத்து, ஊற்றி, எல்லாரும் பார்க்க என்னிடம் நீட்டினாள். கடும் சாயத் தேத்தண்ணி, சீனியில்லாமல் நன்றாகக் கைத்தது. ஒரு சொட்டும் விடாமல் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி டம்ளரை நீட்டினேன்.