தட்டு வைக்கச் சொல்ல மறந்த பிரசங்கி

எனக்குப் போதகராக வேண்டும் என்று ஆசை. பத்து வயதிலிருந்தே ஆஸ்டின் டவுன் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரசங்கம் செய்து பழகினேன். வெளியே துண்டோடு நிற்கும் அப்பா, "கூட்டத்தை சீக்கிரம் முடிடா, எனக்கு டியூட்டிக்கு டைம் ஆச்சு" என்று கதவைத் தட்டுவார். வளர்ந்தபின் இறையியல் கல்லூரி என்னை இரண்டு முறை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. இரண்டு முறையும் திருப்பி அனுப்பியது. கடைசியில் தொம்மலூரில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். வாஷிங் மெஷின் புகார்கள். தமிழும் கன்னடமும்.

முதல் பிரச்சினை என் குரல். "உங்கள் சிரமத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்" என்பதைப் பழக்கதோஷத்தில் பிரசங்க ஏற்ற இறக்கத்தோடு சொல்வேன். மறுமுனையில், "ஐயோ, இதுவும் ரெக்கார்டிங்கா?" என்று, நிஜ ஆளோடு பேச ஒன்பதை அமுக்குவார்கள்.

சரி, இந்த வேலையையே ஊழியமாக்கிக் காட்டுகிறேன் என்று முடிவெடுத்து, ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்று சேர்த்துக்கொண்டேன். ஒரே வாரத்தில் டீம் லீடர் கூப்பிட்டார். கன்னடக்காரப் பெண்மணி.

"ஏன்ரீ இது? மெஷின் இனிமே பிழைக்காதா, அதுக்குத்தான் ஜெபம் பண்றாரான்னு ஒரு கஸ்டமர் கேக்கறார். ஆசீர்வாதமெல்லாம் சண்டே வெச்சுக்கோங்க. இங்கே புகாருக்கு டிக்கெட் நம்பர் கொடுங்க, அஷ்டே, அவ்வளவுதான்."

கர்த்தர் என்னைத் தப்பான நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார் என்றே அன்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஜோகுபாளையத்திலிருந்து ஒரு நர்ஸ் அழைத்தார். மெஷின் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர், கதவு திறக்கவில்லை. அவருடைய வெள்ளை யூனிஃபார்ம் இரண்டும் அதற்குள்.

"ரெண்டு மணிக்கு டியூட்டி சார். நாளைக்கு ஆள் வருவாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அழுதுடுவேன்."

நான் சொல்லவிருந்தது அதைத்தான். விழுங்கிவிட்டுக் கையேட்டைப் புரட்டினேன். பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். மெஷினின் அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, உள்ளே உள்ள வடிகட்டியின் வட்டத் திருகைச் சுற்றச் சொன்னேன்.

"சுத்திட்டேன்... ஐயையோ! தண்ணி சார்! ஹால் வரைக்கும் ஓடுது!"

"அம்மா, கீழ தட்டு வெச்சீங்களா?"

"தட்டா? நீங்க எப்போ சொன்னீங்க?"

சொல்லவில்லை. கையேட்டில் அது அடுத்த வரியில் இருந்தது. நாளுக்கு நூறு தடவை "வருந்துகிறோம்" சொல்லும் வாய் ஒட்டிக்கொண்டது. மனந்திரும்புதலைப் பற்றி அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசக்கூடியவன் நான்.

"என் தப்புதாம்மா. அடுத்த வரியைப் படிக்காமலே சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் சிரித்துவிட்டார்.

"விடுங்க சார். வீடு துடைக்கணும்னு ஒரு வாரமா நெனச்சுட்டே இருந்தேன். லைன்லயே இருங்க, வெச்சுடாதீங்க."

இருந்தேன். துடைத்துக்கொண்டே தன் வார்டைப் பற்றிப் பேசினார். ஊரையெல்லாம் "நல்லா தூங்கினீங்களா" என்று கேட்கிற தன்னை, யாரும் அப்படிக் கேட்பதில்லை என்றார். கேட்டேன். "இல்ல சார்" என்றார். ஐம்பது நிமிடம் ஆயிற்று. வடிகட்டியிலிருந்து குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ் வந்தது, கதவும் திறந்தது. அவர் சந்தோஷத்தில் போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது.

டீம் லீடர் அந்த அழைப்பின் பதிவைப் பயிற்சி வகுப்பில் ஒலிக்கவிட்டார், எப்படிப் பேசக்கூடாது என்பதற்கு உதாரணமாக. தட்டு வந்த இடத்தில் அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு எழுந்து, அந்த வரியைக் கையேட்டில் முதலில் போடலாமா என்று கேட்டேன்.

"நீங்களே எழுதுங்க, ரெண்டு பாஷைலயும்" என்றார்.

"முதலில் கீழே அகலமான தட்டும் பழைய துணியும் வையுங்கள்." அதை எழுத எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. எந்தப் பிரசங்கக் குறிப்பையும் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

மேடை இன்னும் வாய்க்கவில்லை. ஆசை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் ஹெட்செட்டை மாட்டுமுன் கண்ணை மூடி, இன்று பேசப்போகிற முகம் தெரியாத மனிதர்களுக்காக வேண்டிக்கொள்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர், நான் தூங்குகிறேன் என்று நினைத்து முழங்கையால் இடிப்பார். ஆமென் சொல்லிவிட்டு லைனைத் திறப்பேன்.