கருப்புப் பத்திரிகைக்கு மஞ்சள் வெச்ச கதை

நிக்கிற வேலை எனக்கு ஆவாது. இத மொதல்லயே சொல்லிடறேன். ஏன்னா அந்தச் சீட்டுக்கட்டுப் பத்திரிகைங்கள நான் செஞ்சது கலை ஆசையிலயும் இல்ல, கம்பெனி மேல இருக்குற பாசத்துலயும் இல்ல. ஒரு நாற்காலிக்காகச் செஞ்சேன். ஒரகடத்துல காருக்குள்ள போற ஒயருங்கள கட்டுற கம்பெனி எங்களுது. ஷிப்ட் பூரா லைன்ல நின்னுக்கினே இருக்கணும். ரெண்டாவது கொழந்தைக்கு அப்புறம் கால் ரெண்டும் வீங்கிக்கும். பிள்ளைப்பாக்கத்துல கம்பெனி பஸ்ஸ வுட்டு எறங்கி வூடு போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு போயி உசுரு வரும்.

எனக்கு உசுரா ஒரு கூட்டாளி இருந்தா. அவளும் நானும் ஒரே நாள்ல காண்ட்ராக்ட்ல சேந்தவங்க. ஒரே தெரு. என் டிபன் பாக்ஸ்ல அவ கை, அவ டிபன் பாக்ஸ்ல என் கை. டிகிரி முடிச்சிருந்தான்னு போன வருசம் அவள மட்டும் மேல எச்.ஆர். ஆபீசுக்கு எடுத்துக்கினாங்க. எனக்குப் பொறாமை இல்ல, சத்தியமா இல்ல. தெரு முழுக்க அதச் சொல்லிக்கினு திரிஞ்சதே நான்தான்.

ஒரு நாள் கேண்டீனுக்கு ஓடியாந்தா. "டீ, ஸ்டாஃபுங்களுக்கு வருசா வருசம் பார்ட்டி வெப்பாங்கல்ல, இந்த வாட்டி கேசினோ தீமாம். பத்திரிகை கையால செஞ்சதா இருக்கணும்னு எங்க எச்.ஆர். சாரு சொல்றாரு. நீ செஞ்சி குடுடி. ஆபீசுல கம்ப்யூட்டர்ல என்ட்ரி போட ஆள் தேடிக்கினுகீறாரு. உன் கைவேலைய காட்டி உன்னியவே உக்கார வெச்சிடறேன்."

"கேசினோன்னா இன்னாடி?"

"சீட்டாடற எடம்டி. பெரிய பெரிய பணக்காரங்கல்லாம் கோட்டு போட்டுக்கினு ஆடுவாங்க."

"நம்ம ஊர்ல லுங்கி கட்டிக்கினு ஏரிக்கரையில ஆடறானுங்க, போலீசு ஜீப்புல ஏத்திக்கினு போவுது"ன்னேன். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

கல்யாண வூடுங்களுக்கு ஆரத்தித் தட்டு, சீர்வரிசைத் தட்டு அலங்காரம் பண்ணிப் பண்ணி எனக்குக் கை பழகியிருந்துச்சு. கருப்பு சார்ட் பேப்பர சீட்டு மாதிரி வெட்டி மூலைய வளைச்சேன். செவப்பு வெல்வெட் பேப்பர்ல ஆர்ட்டினும் டைமனும், வெள்ளிப் பேப்பர்ல இஸ்பேட்டும் கிளாவரும் வெட்டி ஒட்டினேன். ராணிக்கு மட்டும் ஒரு பொட்டு ஜிகினாவுல மூக்குத்தி வெச்சேன், சும்மா ஒரு ஆசைக்கு. பாத்து வெட்டறதுக்கு நெசச் சீட்டுக்கட்டு ஒண்ணும் வாங்கியாந்திருந்தேன். மாமியா அதப் பாத்துட்டு ஆடின ஆட்டம் இருக்கே! "வெள்ளிக்கெழமையும் அதுவுமா நடு வூட்டுல சீட்டப் பரப்பிக்கினு உக்காந்துகீறியே, இந்தக் குடும்பம் வெளங்குமா?"

எல்லாம் முடிஞ்சு அடுக்கி வெச்சுப் பாத்தப்பதான் எனக்குத் திக்குன்னுச்சு. அத்தினியும் கருப்பு. எங்க பக்கம் கருப்புல பத்திரிகை வந்தா கருமாதி. பார்ட்டியோ கீர்ட்டியோ, நாலு பேரு சந்தோசமா கூடுற காரியம், அதுக்குப் போயி எழவுப் பத்திரிகைய நீட்டுறதா? ஒரு கிண்ணத்துல மஞ்சளக் கொழைச்சு ஒவ்வொண்ணுக்கும் நாலு மூலையிலயும் தடவிக் காய வெச்சேன். மாமியாளே வந்து உக்காந்து ஒத்தாசை பண்ணா. அப்புறந்தான் மனசு ஆறுச்சு.

மறுநாள் பஸ்ல அவகிட்ட குடுத்தேன். ஒண்ண எடுத்துப் பாத்தவ, "மஞ்ச வெச்சிட்டியா? நல்லதாப் போச்சுடி, கருப்புன்னதும் எனக்கே உறுத்திக்கினு இருந்துச்சு"ன்னு கண்ணுல ஒத்திக்கினா. மொத பத்திரிகைய ஆபீசுப் பிள்ளையார் படத்துகிட்ட வெச்சிட்டுத்தான் மத்தவங்களுக்குக் குடுத்தேன்னு சாயங்காலம் அவளே சொன்னா.

அந்த வாரமே லைன்லயிருந்து என்ன மேல கூப்பிட்டாங்க. நாற்காலி வந்துடுச்சுன்னே நெனச்சேன். மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு, ஷால சரி பண்ணிக்கினு போனேன். படி ஏறச்சே கால் வலியே தெரியல.

எச்.ஆர். சாரு மேசை மேல என் மூக்குத்தி ராணி கெடந்துச்சு. பக்கத்துல அவ உக்காந்திருந்தா.

"பெரிய சார் இத பாக்கெட்ல வெச்சு, வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சள். கறை இருந்தா பொருளையே திருப்பி அனுப்புற கம்பெனி, இன்விடேஷன்லயே கறையான்னு மீட்டிங்ல வெச்சுக் கேக்குறாரு. மேடம் எவ்ளோ கஷ்டப்பட்டுத் தன் கையால செஞ்சாங்க! கவர்ல போடத்தானே உன்கிட்ட குடுத்தாங்க? மஞ்சள் தடவ யார் சொன்னது உனக்கு?"

ஒரு நிமிசம் எனக்கு ஒண்ணுமே ஏறல. எந்த மேடம்? அவளப் பாத்தேன். அவ கம்ப்யூட்டரப் பாத்தா. அடிப்பாவி! செஞ்சதெல்லாம் அவளாம், மஞ்ச தடவினது மட்டும் நானாம். வாயத் தொறந்தேன்னா அந்த எடத்துலயே நாறடிச்சிருப்பேன், என் வாயி எங்க தெருவுக்கே தெரியும். ஆனா அவ பயத்துல வெறும் ஸ்கிரீன்ல மவுச இங்கயும் அங்கயும் இழுத்துக்கினே இருந்தா. அதப் பாத்துட்டு, "தெரியாம தடவிட்டேன் சார்"னு சொல்லித் தொலைச்சேன்.

"இனிமே ஆபீஸ் வேலை எதுக்கும் இவங்கள கூப்பிடாதீங்க"ன்னு அவர் அவகிட்ட சொன்னாரு.

"சரி சார்"னா. யோசிக்கக்கூட இல்ல. அவரு திட்டினதவிட அதுதான் என்னக் கொன்னுச்சு.

மாடிப்படியில பின்னாலயே எறங்கி வந்தா. "கோச்சிக்காதடி. வெளியில குடுத்துச் செஞ்சேன்னு தெரிஞ்சா என் பர்மனென்ட்டே போயிடும். நீ காண்ட்ராக்ட்தானே, உனக்கு இன்னா போச்சு?"

இந்த வார்த்தைய நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன். அவ லைன்ல இருந்தப்ப, அவங்கம்மாவ ஆஸ்பத்திரியில சேத்திருந்த நேரம் லீவு கேட்டதுக்கு சூப்பர்வைசர் சொன்னான், "காண்ட்ராக்ட்தானே, போனா போ, வேற ஆளு வரும்"னு. பாத்ரூம்ல நின்னு அவ தேம்பித் தேம்பி அழுதா. என் ஷாலாலதான் மூஞ்சியத் தொடச்சு வுட்டேன். சூப்பர்வைசர் சொன்னப்ப எனக்குக் கோவந்தான் வந்துச்சு. இவ சொன்னப்ப, கைப்பிடியப் பிடிச்சுக்கினு அப்படியே படியில உக்காந்துட்டேன். நம்ப வெச்சுக் கழுத்தறுக்கறதுன்னு சும்மாவா சொன்னாங்க.

பார்ட்டி அன்னிக்கு நாங்க கீழ ஓ.டி. பாத்தோம். பத்திரிகை ரொம்ப நல்லாருந்துச்சுன்னு அவளுக்குக் கைதட்டினாங்களாம்.

பொங்கல் கிட்ட வந்தப்ப லைனுக்கே எறங்கி வந்தா. "டீ, மேல கோலப்போட்டி வெக்கறாங்க. அதுக்கும் கார்டு வேணுமாம். உன்ன வுட்டா எனக்கு யாருடி கீறாங்க?"

கையில இருந்த ஒயரக் கீழ வெச்சிட்டு நிமுந்தேன். "ஆபீஸ் வேலைக்கு என்னக் கூப்பிடக் கூடாதுன்னு சார் சொல்லிக்கீறாரே, மேடம்"னேன்.

"என்ன மேடம்னு கூப்பிடாதடி"ன்னா. கண்ணு ரொம்பி வழிஞ்சுச்சு.

அழட்டும்னு பாத்துக்கினு நின்னேன். தொடச்சு வுடல.