நல்லதண்ணி குரூப்பும் இரண்டு கையேடுகளும்

எங்கள் வீட்டுக் கதவில் இன்றும் ஒரு அரிவாள் வெட்டு இருக்கிறது. ஆசாரியைக் கூப்பிட்டு அடைத்துவிடலாம் என்றார் அப்பா. வேண்டாம் என்றுவிட்டேன். அது சித்தப்பா போட்ட வெட்டு. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவரை நான் நீக்கியதற்காக.

சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர் புத்தகங்கள் நூலகத்தில் ஒரு அலமாரி நிறையக் கிடந்தன. எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடைக்குப் போடலாம் என்று படித்து எழுதித்தரச் சொன்னார்கள். பெரும்பாலும் மோடம், கேபிள் சமாச்சாரம். கழிப்பது சுலபம். இரண்டு மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டன. இணையம் வந்த புதிதில் முகம் தெரியாத ஆட்கள் எழுத்திலேயே கூடிப் பேசிய குழுக்களை எப்படி நடத்துவது என்று சொல்லும் கையேடுகள். ஒன்று தலையணை கனம். இன்னொன்று ரொம்ப ஒல்லி.

அந்தக் குழுக்களிலும் சண்டைதான். ஒருவரையொருவர் வைவதைத் தீ என்றே எழுதியிருந்தார்கள். கனத்த புத்தகம் வழி சொன்னது: வைகிறவனை ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே எடு, காரணம் சொல்லாதே, சொன்னால் தீ இன்னும் பிடிக்கும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'நன்று' என்று எழுதிவைத்தேன்.

எங்கள் ஊர் குருவிகுளம் பக்கம். நல்லதண்ணி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டேங்க் திறப்பவர் எனக்குப் போன் செய்வார், நான் தெரு குரூப்பில் போடுவேன், பெண்கள் குடத்தோடு குழாய்க்கு ஓடுவார்கள். படித்தவள் என்று என்னைத்தான் அட்மின் ஆக்கியிருந்தார்கள்.

குழாயடியில் யார் குடம் முந்தி என்று அம்மாவுக்கும் சித்திக்கும் வாய்ச்சண்டை. அன்று சாயங்காலம் சித்தப்பா குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டு அம்மாவை ஒரு வார்த்தை சொன்னார். இங்கே எழுத முடியாத வார்த்தை. தெரு முழுக்கக் கேட்கும்படி, சொந்தக் குரலில். நான் புத்தகம் சொன்னபடி செய்தேன். பேச்சில்லாமல் அவரை வெளியே எடுத்தேன்.

மறுநாள் காலையில் தண்ணி திறந்தார்கள். சித்தப்பா வீட்டில் இருந்தது அவர் போன் ஒன்றுதான்; அங்கே தகவல் போகவில்லை. சித்தி குடத்தைக் கொண்டு வந்தபோது குழாயில் வெறும் காற்று.

எங்கள் பக்கம் ஒருவரை ஊர் தள்ளிவைத்தால் முதலில் நிறுத்துவது தண்ணியை. சித்தப்பாவுக்கு இது அதுவாகவே பட்டது.

அரிவாளோடு வந்தார். முற்றத்தில் கட்டியிருந்த கிடாய் மிரண்டு அவர் காலில் மோதியது. ஒரே வீச்சு. தலை தொங்கிப்போய், அப்படியே ஓடப் பார்த்து, சுவரெல்லாம் ரத்தத்தைச் சிதறிவிட்டு விழுந்தது.

"ஏட்டி, வெளிய வா! என்னையவா ஊர விட்டுத் தள்ளுத? என் கால்ல விழு. இல்ல, தள்ளுன கைய வெட்டி எடுக்காமப் போமாட்டேன்!"

அப்பா குறுக்கே பாய்ந்தார். "ஏல, நம்ம பிள்ளைல!" அடுத்த வீச்சு அப்பாவின் தோளைக் கிழித்துக்கொண்டு கதவில் இறங்கியது. கதவில் சிக்கிய அரிவாளைச் சித்தப்பாவால் பிடுங்க முடியவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு ஆண்கள் அவரைக் கீழே தள்ளி, மிதித்து, இழுத்துப் போனார்கள். "நாளைக்கும் வருவேன்ட்டி" என்று கத்திக்கொண்டே போனார்.

தோளில் தையல் போட்டு வந்த அப்பா போலீசுக்குப் போக ஒப்பவில்லை. "விழுந்துரு மக்கா. கை போனா என்ன செய்வ?"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுதிய கை இது. அதைக் காப்பாற்றக் காலில் விழுந்தால், அப்புறம் அதை வைத்துக்கொண்டு நான் என்னத்தை எழுத?

நூலகத்துக்குப் போய் ஒல்லிப் புத்தகத்தை எடுத்தேன். அது வேறு சொன்னது. வெளியே எடுத்தவனுக்குக் காரணத்தைச் சொல், திரும்பி வரும் வழியையும் சொல். இரண்டையும் நீயே சொல்.

சாயங்காலம் தனியாகச் சித்தப்பா வீட்டு வாசலுக்குப் போனேன். மிதி வாங்கிய கண் வீங்கியிருந்தது அவருக்கு. எழுந்து வந்து ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்தது.

"கை இந்தா இருக்கு, சித்தப்பா. வெட்டுறதுன்னா வெட்டுங்க. ஊர் உங்களத் தள்ளல. எங்கம்மாவச் சொன்ன சொல்லுக்கு நான்தான் எடுத்தேன். அங்கன சொன்னதுக்கு அங்கனயே தப்புன்னு சொல்லணும். சரின்னா இப்பமே சேக்கேன்."

"ஊர்க்காரன் எவனும் எடுக்கச் சொல்லலியா?"

"எவனயும் நான் கேக்கல."

உள்ளே இருந்து காலிக் குடம் ஒன்று பறந்து வந்து அவர் நெற்றியில் பட்டது. பின்னாலேயே சித்தி வந்தாள். "கிடாய வெட்டியாச்சி, அண்ணன வெட்டியாச்சி, பிள்ளையவும் அடிச்சாச்சி. குடிக்கத் தண்ணிக்கு நான் எந்த வீட்டுல போயி நிக்க? சொல்லும்வே!"

நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமல், "சேரு" என்றார். சேர்த்தேன். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினார். "மதினி, நான் சொன்னது தப்பு. இனி எவனாச்சும் உங்களப் பேசுனா அவன வெட்டிருவேன்."

 குரூப்பில் அம்மாவின் குரல் வந்தது. "அது கெடக்கட்டும். கிடாய்க்கு யாரு பதில் சொல்லுதது?"

மறுநாள் நூலகத்தில் எழுதிக் கொடுத்தேன். கனத்த புத்தகம் எடைக்கு: வெளியே தள்ளப்பட்டவன் பக்கத்து வீட்டிலேயே இருப்பான் என்பது இதை எழுதியவருக்குத் தெரியவில்லை. ஒல்லிப் புத்தகம் இருக்கட்டும்: அறை விழும் என்று மட்டும் சேர்த்திருக்கலாம். 'நன்று' என்று எழுதியதை ரப்பரால் அழித்தேன். உதடு எரிந்தது. கை நான் சொன்னபடி எழுதியது.