டிராகன்கள் கும்பிட்ட கல்

வியர்வையில் ஊறிய பித்தளைச் சாவிக்கு ஒரு வாசனை உண்டு. லேசாகக் கைக்கிற அந்த வாசனை மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை என் கழுத்திலேயே தொங்கியது. அம்மாவுக்கு மேலூர் தாண்டி ஒரு கிராமத்தில் டீச்சர் வேலை, அப்பாவுக்கு மதுரை டவுனுக்குள் ஆபீஸ். இருவரும் காலையில் ஆளுக்கொரு திசையில் பஸ் ஏறிவிடுவார்கள். நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் நான்தான் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய், தூக்குவாளியில் மூடி வைத்திருக்கும் ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு, அம்மா வந்து விளக்குப் போடும் வரை என்னோடு நானே பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒத்தக்கடையில் எங்கள் வீடு இருந்த பக்கத்துக்கு "நகர்" என்று பெயர்ப்பலகை மட்டும் நட்டிருந்தார்கள், நகரத்தைத்தான் காணோம். உழவு நின்றுபோன பொட்டலைக் கட்டம் கட்டமாக அளந்து, மூலைக்கு மூலை வெள்ளையடித்த கல் ஊன்றி, "பிளாட்டு" என்று விற்றிருந்தார்கள். வாங்கியவர்கள் எல்லாம் புத்திசாலிகள். அவரவர் ஊரிலேயே இருந்துகொண்டார்கள். முதலில் வீடு கட்டிக் குடிவந்த அசடுகள் நாங்கள் மட்டும்தான். "இன்னும் ரெண்டு வருசத்துல பாருங்க, அம்புட்டும் வீடாயிரும்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். ரெண்டு வருசமும் ஆனது. மேய வரும் ஆடுகளைத் தவிர யாரும் வரவில்லை. பள்ளிக்கூடம் ரோட்டுக்கு எங்கள் பக்கம், என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகள் அந்தப் பக்கம் ஊருக்குள் இருந்தன. லாரி போகும் ரோட்டைத் தனியாகத் தாண்டினால் காலை ஒடித்துவிடுவேன் என்பது அம்மாவின் உத்தரவு. தனிமை என்ற சொல்லெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. "என்னமோ மாதிரி இருக்கும்மா" என்பேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்பாள்.

அந்த "என்னமோ மாதிரி"க்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் டிராகன்கள். மலேசியாவிலிருந்து வந்த பெரியப்பா ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்திருந்தார். பிஸ்கட் இரண்டு நாளில் தீர்ந்துபோனது, மூடியில் இருந்த டிராகன் தீரவில்லை. சிவப்பு உடம்பு, மஞ்சள் மீசை, வாய் நிறைய நெருப்பு. "மீசை வச்ச பாம்பு" என்று அம்மா ஒதுக்கிவிட்டாள். "நமக்கு யாளி மாதிரி சீனாக்காரங்களுக்கு இது" என்று அப்பா ஓரளவு மரியாதை கொடுத்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிரே யானைமலை முழுசாகத் தெரியும். ஊரே அதை யானை என்றது. எனக்கு மட்டும் அது றெக்கையை மடக்கிக்கொண்டு படுத்திருக்கும் பெரிய டிராகன். அதற்குப் பின்னால் ஒரு நாடு உண்டு, அங்கே மலைக்கு ஒன்றாக டிராகன்கள் குடியிருக்கின்றன என்று முடிவு கட்டிவிட்டேன்.

நாடு என்றால் கோயில் வேண்டும். மதுரைப் பிள்ளைக்குக் கோயில் இல்லாத நாட்டைக் கற்பனை செய்ய வராது. ஆனால் டிராகன்கள் எந்தச் சாமியைக் கும்பிடும், எப்படிக் கும்பிடும் என்று யோசிக்க ஆரம்பித்த பிறகுதான் வேலை எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. நம் வழக்கம் எதுவும் அவற்றுக்குப் பொருந்தவில்லை. நாம் விரதம் இருந்து தீச்சட்டி எடுக்கிறோம். வாயிலேயே தீ வைத்திருப்பதற்குத் தீச்சட்டி என்ன பெரிய விஷயம்? ஆகவே டிராகன்கள் தண்ணீர்ச் சட்டி எடுத்தன, அதுவும் ஒரு சொட்டுக்கூட ஆவியாகாமல். நாம் கெடா வெட்டுகிறோம். தினமும் கெடா தின்பவை திருவிழாவுக்கு என்ன செய்யும்? வெள்ளரிப்பிஞ்சு தின்றன, முகத்தைச் சுளித்துக்கொண்டு. மொட்டை போட முடி இல்லாததால் ஆளுக்கு ஒரு செதிலைக் காணிக்கையாக உதிர்த்தன. வாயைத் திறந்தால் நெருப்பு வந்து சாமியைச் சுட்டுவிடும் என்பதால் மந்திரம் கிடையாது, பாட்டு கிடையாது, சாமிக்குப் பெயர்கூடக் கிடையாது. வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பூசை.

என்ன வேண்டிக்கொள்ளும் என்பதில் மட்டும் ஒரு வாரம் திணறினேன். பலம் இருக்கிறது, ஆயுள் ஆயிரம் வருஷம், நினைத்த இடத்துக்குப் பறக்கலாம். கடைசியில்தான் பட்டது: மலைக்கு ஒன்றாக அல்லவா உட்கார்ந்திருக்கின்றன. யாராவது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும். அதைத் தவிர எதுவும் கேட்காது.

சாமிக்கு ஓர் உருவம் தேவைப்பட்டபோது, பக்கத்து பிளாட்டின் ஈசானி மூலையில் நின்ற எல்லைக்கல்லைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் சுவரிலிருந்து இருபது அடி. அஞ்சறைப்பெட்டியிலிருந்து கொஞ்சம் மஞ்சள், அம்மாவின் சிமிழிலிருந்து கொஞ்சம் குங்குமம், வேலியோரத்துச் செவ்வரளி நாலு. தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் எடுத்துக்கொண்டு போய், வாயை மூடி உட்கார்ந்து, டிராகன்கள் சார்பில் வேண்டிக்கொண்டு வருவேன்.

பலித்துவிட்டது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்து பிளாட்டுக்காரர் இடம் பார்க்க வந்தார். டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கூட மனைவி, என் வயதிலேயே ஒரு மகள். "தையில பால் காய்ச்சிரணும் சார், ஐப்பசியில வேலய ஆரம்பிச்சிருவோம்" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருடைய மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேன்மொழி. ரெட்டைச் சடை, முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. பக்கத்து வீடு. இருபது அடி.

பெரியவர்கள் காப்பி குடித்த நேரத்தில் அவளைக் கல்லிடம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கணக்கு டீச்சர் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்டாள்.

"காது குத்துவாங்களா?"

"குத்துவாங்க."

"அப்ப யார் மடியில உக்கார வைப்பாங்க? டிராகனுக்கு மாமா யாரு?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. மலைக்கு ஒன்றாக இருக்கும் ஜீவனுக்குத் தாய்மாமனை எங்கே பிடிப்பது? பேசிப் பேசி, திருவிழா அன்று முதலில் பறந்து வரும் டிராகன்தான் எல்லாக் குட்டிகளுக்கும் மாமா என்று தீர்மானித்தோம். "திருவிழான்னா சாமிக்குச் சிவப்புத் துணி கட்டணும்ல, எலுமிச்சம்பழம் வைக்கணும்ல" என்றாள். எங்கள் வீட்டுத் தையல் மிஷின் டிராயரிலிருந்து சிவப்புத் துண்டுத் துணி வந்தது, அடுப்படியிலிருந்து பழம் வந்தது. அன்றைக்குக் கல் ஜம்மென்று இருந்தது. "ஐப்பசியில வாரேன், அப்பறம் டெய்லி விளையாடலாம்" என்று சொல்லிவிட்டுத் தேன்மொழி பஸ் ஏறினாள்.

அடுத்த நாள் ஆடு மேய்க்க வந்த பேச்சியக்கா அந்தக் கல்லைப் பார்த்தாள். எல்லையில் ஒரு கல், அதற்கு மஞ்சள் குங்குமம், சிவப்புத் துணி, எலுமிச்சம்பழம். அவள் யாரையும் விசாரிக்கவில்லை. அதில் விசாரிக்க என்ன இருக்கிறது? செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். மறுவாரம் காணாமல் போன அவளுடைய ஆட்டுக்குட்டி ஒன்று அந்தக் கல்லருகே நின்றதாம். "எல்லைக் கருப்பு எந்திரிச்சு வந்திருக்காரு" என்று ஊருக்குள் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் ரோட்டைத் தாண்டிப் பெண்கள் வந்தார்கள். சூடம் கொளுத்தினார்கள், புரட்டாசியில் பொங்கலும் வைத்தார்கள்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. சாயங்காலத்தில் வாசலில் ஆள் சத்தம் கேட்டது. பேச்சியக்கா எனக்குப் பொங்கல் கொடுத்து, "தனியாவா இருக்க பாப்பா?" என்று கன்னத்தைத் தடவினாள். இதை விட்டுவிட எனக்கு மனசில்லை. டிராகன்களின் விதியை வசதியாக எனக்கும் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஐப்பசியில் பாத்திரக்கடைக்காரர் குடும்பத்தோடும் கொத்தனாரோடும் வந்தார். கொத்தனார் கல்லைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, ஈசானி மூலையில கருப்பு உக்காந்திருக்காரு. இதுல அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட எனக்கு தைரியம் இல்ல" என்றார். பேச்சியக்காவும் நாலைந்து பெண்களும் கூடிவிட்டார்கள். அப்போது தேன்மொழிதான் முன்னால் வந்தாள். "அப்பா, அது சாமியே இல்லப்பா. நாங்க ரெண்டு பேரும் விளையாண்டது" என்று என்னைக் கை காட்டினாள்.

அவர் என் பக்கம் குனிந்தார். "பாப்பா, நீயாம்மா வச்ச?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா பார்த்தாள், அவளுடைய குங்குமச் சிமிழ் எனக்கு ஞாபகம் வந்தது. பொங்கல் கொடுத்த பேச்சியக்கா பார்த்தாள். ஆமாம் என்றால் அவர்கள் வீடு கட்டுவார்கள், தேன்மொழி வருவாள். இவ்வளவு எளிய கணக்கு அந்த நிமிஷத்தில் எனக்கு வரவில்லை. "நான் இல்ல" என்றேன்.

தேன்மொழியின் அம்மா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சாமி விசயத்துல பொய் சொல்லுவியாடி? கன்னத்துல போட்டுக்க." கல்லுக்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் மாறி மாறி, தேன்மொழி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அழவில்லை. போட்டுக்கொண்டபடியே என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை, அம்மா தலை பின்னும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சீப்பு நின்றது. அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. அறிவியல் பாடம் எடுக்கும் அம்மாவே குழம்பிப்போய் என்னைப் பேச்சியக்காவிடம் கூட்டிப்போனாள். பேச்சியக்கா நிதானமாகக் கேட்டுவிட்டு என் தலையில் கை வைத்தாள். "டீச்சரம்மா, இவளுக்கு என்ன தெரியும்? பிள்ள கைய வச்சு அவருதான் தன் எடத்தக் காமிச்சிருக்காரு." அப்பா பாத்திரக்கடைக்கே போய்ச் சொன்னார். கடைக்காரரோ, "பிள்ளைங்க வச்சதாவே இருக்கட்டும் சார். பொங்க வச்சுக் கும்பிட்டாச்சு. அந்த எடத்துல எப்பிடிக் குடியிருக்கிறது? மனசு ஒப்பல" என்றாராம். பசுமலைப் பக்கம் வேறு இடம் பார்த்துவிட்டார்.

"தேன்மொழி இருந்தாளாப்பா?" என்று கேட்டேன்.

"கடையில அந்தப் பிள்ளைக்கு என்ன வேல?" என்றார் அப்பா.

அதன்பின் நான் கல்லிடம் போகவில்லை. டிராகன்களும் மலைக்கு ஒன்றாகவே இருந்து, எப்போது என்று தெரியாமல் இல்லாமல் போயின. நான் ஆறாம் வகுப்பு முடித்த வருஷம் அம்மாவுக்கு மாற்றலாகி நாங்களும் ஊரை விட்டுக் கிளம்பினோம்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அப்பா சொன்னது நடந்துதான் இருக்கிறது: அம்புட்டும் வீடு. பொட்டலைக் காணோம், ஆடுகளைக் காணோம். தெருவில் நின்று பார்த்தால் மலையையும் காணோம். மாடி ஏறினால்தான் தெரியுமாம். பேச்சியக்கா காலமாகிப் பல வருஷம். எங்கள் வீட்டு வாசலில் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சைக்கிளை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். பக்கத்து மனை மட்டும் வீடில்லாமல் இருந்தது. டைல்ஸ் ஒட்டி, கம்பிக்கதவு போட்ட சின்னக் கோயில்; உள்ளே வெள்ளிக் கவசத்தில் கல். இளவயதுப் பூசாரி பெருமையாகச் சொன்னார்: "சத்தியம் வாங்குறதுக்குன்னே மேலூர்லேருந்தெல்லாம் கூட்டியாராங்கம்மா. இவரு முன்னாடி நின்னு யாரும் பொய் சொல்ல முடியாது."

இந்த இடத்தில் ஒரு வீடு இருந்திருக்க வேண்டும். அதன் மாடியில் துணி காய்ந்திருக்க வேண்டும். அந்த வீட்டு வாசலில் நானும் ஒருத்தியும் உட்கார்ந்து, என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் பேசித் தீர்த்திருக்க வேண்டும். பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு, "யார் பேருக்கும்மா அர்ச்சனை?" என்றார்.

"தேன்மொழி."

"நட்சத்திரம்?"

தெரியாது என்றேன்.