காற்றாலைக்கு அடியில் இருந்த நிலம்

கும்பகோணத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடிக்கு எதிரே ஒரு பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டியை கேஸ் கட்டர் வைத்து அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையிலிருந்து தெரு முழுக்கப் பெயிண்ட் கருகும் வாடை. ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடியும் சாத்தினேன். கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தேன்.

“என்னங்க, ஒரு எடத்துல உக்காரவே மாட்டீங்களா? காபி ஆறுதுல்ல” என்றாள் என் மனைவி.

உட்கார்ந்தேன். இரண்டு வாய் குடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். இந்த வாடை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. உங்களுக்குத்தான் தெரியாது. சொல்கிறேன்.

காற்றாலை என்றால் உங்களுக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் மலையடிவாரத்தில் வரிசை வரிசையாக நிற்பவைதான் நினைவுக்கு வரும். எங்களுடையது அந்தப் பெருமையில் சேராது. தரங்கம்பாடிக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் மணல் மேடாகக் கிடந்த புன்செய்க் கொல்லைகளில் ஒரு கம்பெனி மூன்றே மூன்று காற்றாலைகளைச் சோதனைக்கென்று நட்டது. ஊரில் யாரும் காற்றாலை என்று சொன்னதில்லை. காத்தாடி. பஸ்ஸில் கண்டக்டர்கூட “காத்தாடி எல்லாம் எறங்கு” என்பார்.

நான் டிப்ளமோ முடித்துவிட்டு முதன்முதலாகச் சம்பளம் வாங்கியது அங்கேதான். எங்கள் வீடு பாத்திரக் கடைக் குடும்பம். கல்லாவில் உட்காரச் சொன்னால் எனக்குக் கால் குறுகுறுக்கும். எதிர்க்கடைக்காரரிடம் போய்ப் பேசிவிட்டு வருவேன், திரும்புவதற்குள் வந்த ஆள் போயிருப்பார். “இவன் காத்தோட வேல பாக்கத்தான் லாயக்கு” என்று அப்பா திட்டிக்கொண்டிருந்தார். வேலைக்கான உத்தரவு வந்தபோது அவரே சிரித்துவிட்டார். ஆனால் ஒரு விஷயத்தை நான் அப்பாவிடமும் சொல்லவில்லை, கம்பெனியிடமும் சொல்லவில்லை. எனக்கு உயரம் என்றால் பயம். பொறையாறில் நான் தங்கியிருந்த வீட்டு மொட்டைமாடியிலேயே கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகமாட்டேன்.

மூன்றாவது காத்தாடி நின்றது சுகிர்தத்தின் அப்பாவுடைய கொல்லையில். லுத்தரன் சபைக் குடும்பம்; கீழே கொஞ்சம் நஞ்சை, மேட்டில் இந்தக் கொல்லை. குத்தகைக்குக் கொடுத்தபோது வீட்டில் ஒருவருக்கு வேலை தருவதாகப் பேச்சு. அண்ணன்காரர் “காத்தாடிக்கு நான் காவக்காரனா?” என்று சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டார். அந்த வேலைக்குத் தங்கை சுகிர்தம் வந்தாள். அவள் என்று எழுதுகிறேனே தவிர, நேரில் இன்றுவரை எங்களுக்குள் ‘வாங்க, போங்க’தான். அவளுக்கு நான் சார், அவள் எனக்குச் சுகிர்தம்.

சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க மேல எல்லாம் ஏற வேணாம்மா. ரூம்ல உக்காந்து ரீடிங் எழுதுங்க” என்றார். அவளும் எழுதினாள். கண்ட்ரோல் ரூம் என்பது ஒரு ஜன்னலும் ஒரு டேபிள் ஃபேனும் உள்ள செங்கல் அறை. வெளியே அத்தனை காற்று அடிக்கும், உள்ளே வேர்த்துக் கொட்டும்.

ஓர் ஆடி மாதம். ஊரே சாயும்படி மேற்கிலிருந்து மேல்காற்று. முதல் இரண்டு காத்தாடியும் சுற்றுகின்றன. மூன்றாவது மட்டும் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி நின்றது. காத்தாடியின் தலைமேல் காற்று வரும் திசையைக் காட்டுகிற சின்ன வால் ஒன்று உண்டு. அது சொல்கிற பக்கம்தான் தலை திரும்பும். கடற்கரையில் கிழித்துப்போட்ட நைலான் வலையைக் காக்கை தூக்கிவந்து அந்த வாலில் கூடு கட்டப் பார்த்திருக்கிறது. நூல் சிக்கி வால் அசையவில்லை. வழக்கமாக ஏறுகிற டெக்னீஷியன் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போனில் இன்ஜினியர் கத்தினார்: “நீங்க ஏறுங்க, அரை மணி நேர வேலை.”

ஏறினேன். தூண் உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம். உள்சுவரோடு ஓர் ஏணி, நடுநடுவே நிற்கத் தட்டு. இடுப்பில் பெல்ட், கொக்கி எல்லாம் இருந்தது. உள்ளே கியர் ஆயில் வாடை, சூடு. வெளியே காற்று மோதும்போது தூண் லேசாக ஆடுவது முதுகில் தெரிந்தது. இரண்டாவது தட்டில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கம்பியைப் பிடித்த விரல்களை நானே பிரிக்க முடியவில்லை என்றால் நம்புங்கள்.

கீழே இருந்து ஏணி அதிர்ந்தது. குனிந்து பார்க்கத் தைரியமில்லை. சற்று நேரத்தில் முழங்காலருகே குரல் கேட்டது.

“சார், கொஞ்சம் ஒதுங்குங்க.”

புடவையைத் தூக்கிச் செருகி, உள்ளே அண்ணனின் பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, உபரியாக இருந்த பெல்ட்டை மாட்டிக்கொண்டு சுகிர்தம் வந்திருந்தாள். நான் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டேன். என்னைத் தாண்டும்போது, “கண்ண மூடிக்காதீங்க சார். மூடுனா இன்னும் சுத்தும்” என்று சொல்லிவிட்டு மேலே போனாள். மூடியைத் தள்ளித் திறக்கும் சத்தம் கேட்டது. தூணுக்குள் வெளிச்சம் விழுந்தது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. கழுத்தை மட்டும் நிமிர்த்திக் கூப்பிட்டேன்.

“சுகிர்தம்! என்னாச்சு?”

“தண்ணி வருது சார்!”

எனக்குப் புரியவில்லை. “எங்க? மேலயா?”

“ஆத்துத் தண்ணி சார்! திருக்கடையூருக்கு இந்தாண்ட வாய்க்கால்ல பளபளன்னு வருது. நம்ம ஊர்ல யாருக்கும் தெரியாது!”

கடைமடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பென்று. மேட்டூர் திறந்து எத்தனையோ நாளாகியும், தண்ணீர் எந்த ஊரில் நிற்கிறது, எந்த மதகில் மறித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் தினமும் வாய்க்கால் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அவர்கள். சுகிர்தம் நூலை வெட்டி எடுத்துவிட்டு இறங்கினாள். வழியில் என்னையும் ஒவ்வொரு படியாகப் பேசிப் பேசி இறக்கினாள். தரையில் கால் பட்டதும் பேண்ட்டோடு ஊருக்குள் ஓடினாள். அன்று மாலைக்குள் வாய்க்கால் அடைப்பெல்லாம் வெட்டித் தயாராக வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஏறும் வேலை அவளுக்கென்று ஆகிவிட்டது. இன்ஜினியரும் வாயை மூடிக்கொண்டார். ஆனி, ஆடி வந்தால் யாராவது வேலியோரம் வந்து நிற்பார்கள். “சுகிர்தம், ஏறிப் பாரும்மா, தண்ணி எங்க வந்துருக்கு?” அவளும் கிரீஸ் வைக்கிற சாக்கில் ஏறுவாள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அந்த வேலையில் பாதி நேரம் கழுத்துவலிதான்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே எங்கேயோ போய்விட்டேன். பெயிண்ட் வாடைக்கு வருகிறேன்.

கம்பெனி கைமாறியது, பிறகு படுத்தது. காத்தாடிகள் நின்றன. நான் தஞ்சாவூரில் ஒரு காலேஜ் லேபில் வேலைக்குச் சேர்ந்து காலம் ஓடிவிட்டது. சில வருஷங்களுக்கு முன் மாசி மாதத்தில் ஒரு போன் வந்தது. காத்தாடிகளைப் பழைய இரும்புக்கு எடுத்திருக்கும் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர், பெயர் குமரவேல். “மிஷினத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்னு சொன்னாங்க சார். கரண்ட்டு லைனக் கழட்டி, ஆயில எறக்கிக் குடுத்துட்டா நாங்க சாச்சிடுவோம்.”

போனேன். சுகிர்தத்துக்குத் தலை நரைத்திருந்தது. அப்பா இல்லை, நிலத்தை அவள்தான் பார்க்கிறாள். என்னைப் பார்த்ததும், “சார், நெல்லு அறுத்த வயல்ல உளுந்து நிக்கிது. அந்தப் பக்கம் சாய்க்க வேணாம்னு சொல்லுங்க” என்றாள். அதற்குக் குமரவேல் ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர்தான், நேரம் மட்டும் அவரிடம் இல்லை.

பெரிய கிரேன் அந்த மணலில் நிற்காது. அதனால் பனைமரம் வெட்டுகிற மாதிரிதான். தூணின் அடியில் ஒரு பக்கம் வாய் பிளந்தாற்போல் கேஸ் கட்டரால் அறுத்தார்கள். அப்போது வந்ததுதான் இந்த வாடை. உச்சியில் கட்டிய கம்பி வடத்தைத் தூரத்தில் நின்ற பொக்லைன் இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் இழுத்தது. முதலில் இறக்கைகள்தான் அசைந்தன. பிறகு தூண் ரொம்ப நிதானமாக, யாரோ கூப்பிட்டுத் திரும்புவது போல் சாய்ந்தது. விழுந்த அதிர்வு பல்லில் தெரிந்தது. மணலும் வெள்ளைத் தூளும் எழும்பி எங்களை மூடின. இறக்கை ஃபைபர், அந்தத் தூள் பட்டு நாள் கணக்கில் உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

சுகிர்தம் அழவில்லை. நான்தான் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழுந்த தூணை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இரும்பைத் துண்டு போட்டு லாரி லாரியாக ஏற்றினார்கள். கடைசி லாரியில் கியர் பெட்டியும் ஜெனரேட்டரும். அது கிளம்பும்போது சுகிர்தம் குடையை விரித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா?” என்றார் குமரவேல்.

“மேல இருந்தத எடுத்துட்டீங்க. கீழ இருக்கறத யாரு எடுக்கறது?”

காத்தாடி நிற்கக் கீழே ஒரு வீடு அளவுக்குக் கான்கிரீட் புதைத்திருக்கிறார்கள். அதன்மேல் போல்ட்டுகள் விரல் நீட்டிக்கொண்டு நின்றன.

“அது மண்ணுக்குள்ளதானேம்மா இருக்கு. போல்ட்ட வெட்டி மண்ணத் தள்ளிட்டா யார் கண்ணுக்குத் தெரியப்போவுது?”

“உங்க கண்ணுக்குத் தெரியாது. என் கலப்பைக்குத் தெரியும்.”

குமரவேல் என்னைத் தனியாக அழைத்து, “சார், நீங்க சொன்னா கேப்பாங்க. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க” என்றார். நானும் போனேன்.

“சுகிர்தம், வெயிலா இருக்கு. எந்திரிங்க, பேசிக்கலாம்.”

“வெயில்னுதான் கொட வச்சிருக்கேன். நீங்க உக்காருங்க சார், முட்டி வலின்னீங்களே” என்று தள்ளி இடம் விட்டாள்.

முட்டி வலித்தது உண்மை. உட்கார்ந்தேன். அவ்வளவுதான், காண்ட்ராக்டர் கணக்கில் நானும் போராட்டக்காரன் ஆகிவிட்டேன்.

குடைக்கடியில் அவள் மெதுவாகச் சொன்னாள். சிங்கப்பூர் அண்ணன் தினமும் போன் பண்ணுகிறாராம். கான்கிரீட் கிடக்கிற கொல்லையை வைத்துக்கொண்டு என்ன பண்ணப்போகிறாய், இறால் குட்டைக்காரன் கேட்கிறான், கொடுத்துவிடு என்று. “குட்டை வந்தா உப்புத் தண்ணி எறங்கி, கீழ இருக்கற எல்லார் நஞ்சையும் போயிடும் சார். எங்க அப்பா கொல்லையாத்தான் குடுத்தாரு. கடலை போட்ட கொல்லை. கொல்லையாத்தான் திருப்பித் தரணும். கல்லறையா குடுத்தா எப்பிடி?”

மத்தியானத்துக்குள் பக்கத்து வயல்காரர்கள் வந்து எங்கள் பின்னால் உட்கார்ந்தார்கள். யாரோ மோர் கொண்டுவந்தார்கள். லாரி டிரைவரும் இறங்கி வந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். கிராம நிர்வாக அலுவலர் வந்து இரண்டு பக்கமும் பேசினார், போனார், மறுநாளும் வந்தார். நான் உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருந்தேன். சுகிர்தம் மட்டும் அசையவில்லை. மேலே இருக்கிறவரிடம் குமரவேல் போனில் கெஞ்சுவது எங்களுக்குக் கேட்டது. “இல்ல சார், அவங்க எந்திரிக்க மாட்டாங்க சார். நான் பாத்துட்டேன் சார்.”

கடைசியில் பாறை உடைக்கிற மிஷின் வந்தது. நாள் முழுக்கத் தட்தட்டென்று அடித்தது. கம்பியும் கல்லுமாகப் பெயர்த்துப் போட்டார்கள். முழுக்க எடுக்க முடியவில்லை. நெஞ்சளவுக்கு எடுத்துவிட்டு, அதற்கு மேல் முடியாது என்று கையைப் பிசைந்தார் குமரவேல். சுகிர்தம் பள்ளத்தில் இறங்கி நின்று பார்த்தாள். தரை மட்டம் அவள் நெஞ்சுக்கு வந்தது. “கடலை வேருக்கு இது போதும்” என்றாள். லாரிக்கு வழி விட்டாள். இறக்கைகளை எவரும் சீந்தவில்லை. அவற்றையும் ஏற்ற வைத்தாள். எங்கே கொண்டுபோய்ப் போட்டார்களோ, அது எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் தரங்கம்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன் பந்தியில் கால் தரிக்காமல் எழுந்து கொல்லையைப் பார்க்க பஸ் ஏறிவிட்டேன். வாய்க்கால் தூர் வாரிய வண்டலைக் கொட்டிக் கொல்லையை நிரவியிருந்தாள் சுகிர்தம். கடலைக் கொடி படர்ந்து மஞ்சள் பூ பூத்திருந்தது. செங்கல் அறை இல்லை. சரளைப் பாதையைப் புல் மூடிவிட்டது. லைன் கம்பங்களையும் பிடுங்கிவிட்டார்கள்.

“தூண் நின்ன எடம் எதுன்னு சொல்லுங்க சார், பாப்போம்.”

அதென்ன பெரிய விஷயம் என்று நடந்தேன். ஓரிடத்தில் நின்றேன். இல்லை என்று தோன்றியது. வரப்பைக் கண்ணால் அளந்துகொண்டு இன்னொரு இடத்துக்குப் போனேன். என் இளமையெல்லாம் கழிந்த இடம், கால் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கொடியை மிதிக்காமல் குறுக்கும் நெடுக்குமாக அலைந்துவிட்டு, “எங்கங்க?” என்று அவளையே கேட்டேன்.

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். கடல் பக்கம் பார்த்தாள், வயல் பக்கம் பார்த்தாள். நாலு எட்டு வைத்தாள், நின்றாள், திரும்பினாள்.

“எனக்கும் தெரியல சார்” என்றாள், சிரித்துக்கொண்டே. சற்றுப் பொறுத்து, சிரிக்காமல், “நெசமாவே தெரியல” என்றாள்.